சிறுத்துப்போன சட்டைகள்

குழந்தை உள்ள வீட்டில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் சிறுத்துப்போன சட்டைக்குப் பஞ்சம் வருவதில்லை. பிறக்கும்போது ஏறக்குறைய 50 சென்றிமீற்றர் நீளமுள்ள குழந்தை, ஓராண்டு நிறையும்போது 75 சென்றிமீற்றர் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. ஆகவே முதலாண்டிலேயே மூன்று நான்கு தரம் உடுப்பின் அளவை மாற்றவேண்டியிருக்கிறது. மாமன் வாங்கித் தந்தது, பெரியம்மா கொண்டுவந்தது, பெயர்சூட்டு விழாவுக்கு வந்தவர்கள் கொடுத்தது என்று குவிந்தவற்றுள் சில, ஒருமுறைகூட உடுத்தப்படாமலே அளவு தப்பிவிடுகின்றன.

"சட்டை சிறுத்துப்போயிற்று" என்று நாம் சொல்கிறோம். சட்டை எங்கே சிறுத்தது? வளர்ந்தது குழந்தையன்றோ! ஆயினும் பெற்ற மனம் அதை அப்படிச் சொல்ல விரும்புவதில்லை. குழந்தை நம் மடியைவிட்டு வளர்ந்து போகிறது என்பதை ஒப்புக்கொள்ள மனமின்றிப் பழியைச் சட்டையின்மேல் போடுகிறோம்.

மடுல்சீமையில் எங்கள் வீட்டுக் கட்டிலின் கீழே ஒரு தகரப்பெட்டி நெடுங்காலம் இருந்தது. 2010ஆம் ஆண்டில் எங்கள் மகள் பிறந்தாள். அவளுக்குச் சிறுத்துப்போன உடுப்புகளை என் மனைவி தோய்த்து, மடித்து, அந்தப் பெட்டியில் அடுக்கினாள். வெள்ளைப் பருத்திச் சட்டைகள், கையால் பின்னிய தொப்பி, உள்ளங்கைக்குள் அடங்கும் காலுறைகள், முதற் பிறந்தநாளுக்குப் பதுளைக் கடைத்தெருவில் வாங்கிய இளஞ்சிவப்புக் கவுன். அடுத்த குழந்தைக்கு உதவும் என்பதுதான் அப்போது நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம். நியாயமான காரணமே.

ஆனால் அடுத்த குழந்தை வரவில்லை. வைத்தியர்களிடம் சென்றோம், கதிர்காமத்துக்கும் நேர்ந்துகொண்டோம். ஆண்டுகள் கழிந்தன. இனி இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்த பின்னரும் அதை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. பெட்டியைத் திறந்து உடுப்புகளைப் பிறருக்குக் கொடுப்பதென்றால் அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆகவே பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. வீடு கூட்டும்போது என் மனைவி அதை ஒரு பக்கமாக இழுப்பாள்; கூட்டி முடிந்ததும் பழைய இடத்துக்கே தள்ளிவிடுவாள்.

"இத யாருக்காவது குடுத்துடலாமுங்க" என்று ஒரு நாள் அவளே சொன்னாள்.

"இருக்கட்டும், என்ன அவசரம்?" என்றேன் நான்.

அவள் பின்பு கேட்கவில்லை. பெண்களுக்கே இத்தகைய பற்று அதிகம் என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் விடமுடியாதவன் நானாகவே இருந்தேன்.

என் தயக்கத்துக்கு வேறொரு வேரும் உண்டு. நான் லயத்தில் பிறந்தவன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஓர் அறையில் நாங்கள் ஆறு பேர். அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது எங்களைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் செல்வார். என் உடம்பில் இருந்த சட்டை அண்ணனிடமிருந்து வந்தது. என்னிடமிருந்து தம்பிக்குப் போனது. அதன்பின் கரித்துணியாகி அடுப்படியில் ஆயுள் முடிந்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சீருடைத் துணி வழங்கும் திட்டத்தை அரசாங்கம் 1993இல் தொடங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த முதற் சட்டை அந்தத் துணியில் தைத்ததுதான். அப்படி வளர்ந்தவனுக்கு நல்ல துணியொன்று கையைவிட்டுப் போவது எளிதாக இராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் பின்னர் ஆற அமர நினைத்துப் பார்த்தபோது அந்தச் சமாதானம் செல்லவில்லை. லயத்தில் நாங்கள் எதையும் பூட்டிவைத்தவர்கள் அல்லர். பூட்டிவைக்க இடமும் இல்லை, தேவையும் இல்லை. ஒரு வீட்டுப் பிள்ளைக்குச் சிறுத்த சட்டை அடுத்த காம்பராப் பிள்ளைக்கு அன்றைக்கே போய்விடும். பிறந்த குழந்தைக்கு எடுத்த எடுப்பில் புதுத்துணி உடுத்துவது நம்மவர் வழக்கமன்று. பலமுறை தோய்த்து மெதுவாகிப்போன பழந்துணியில்தான் குழந்தையைப் பொதிவார்கள். கஞ்சியும் சாயமும் போன துணி இளந்தோலை உறுத்தாது என்பது ஒரு காரணம். நோய்நொடியின்றி வளர்ந்த பிள்ளையின் சட்டை ராசியானது என்று கேட்டு வாங்கிப் போடுவதும் உண்டு. அங்கே கேட்டவர் தாழவில்லை. கொடுத்தவர் உயரவும் இல்லை. இல்லாமை எனக்குக் கற்பித்தது சேர்த்துவைப்பதையன்று, கைமாற்றுவதையே. நான்தான் பாடத்தைப் பிழையாக நினைவில் வைத்திருந்தேன்.

அந்தப் பிழை எனக்குத் தெரியவந்த கதையைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது.

எங்கள் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகேயுள்ள மீரியபெத்தை தோட்டத்தில், 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்டதால் உயிர் தப்பிய பிள்ளைகள் பலர். அவர்களுள் சிலருக்குத் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. எஞ்சியவர்கள் முதலிற் பாடசாலைகளிலும், பின்னர் இயங்காதிருந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலும் தங்கவைக்கப்பட்டனர். அவர்களுக்குப் புதிய வீடுகள் கிடைத்தது 2016இல்தான்.

செய்தி வந்ததும் நாங்களும் மாணவர்களைக்கொண்டு துணி சேர்த்தோம். இரண்டு நாளில் ஒரு வகுப்பறை நிறைந்துவிட்டது. அனுப்புவதற்கு முன் பிரித்து அடுக்கும் பொறுப்பு எனக்கும் வேறு இரு ஆசிரியர்களுக்கும் வந்தது. மூட்டைகளை அவிழ்த்தபோது நெஞ்சு சோர்ந்தது. பொத்தான் இல்லாத சட்டை, முட்டி கிழிந்த காற்சட்டை, கறை படிந்த கவுன், தோய்க்காமலே கட்டிய அழுக்குத் துணி. நல்லவையும் இருந்தன, ஆனால் பாதிக்கு மேற்பட்டவற்றை எந்தத் தாயும் தன் பிள்ளைக்கு மனமொப்பி உடுத்தமாட்டாள். "வீட்டக் கூட்டிட்டு இங்க கொண்டாந்து கொட்டிட்டாங்க சேர்" என்றாள் எனக்கு உதவிக்கு நின்ற மாணவி ஒருத்தி.

அவளுக்கு நான் மறுமொழி சொல்லவில்லை. ஏனென்றால் அவள் கையில் அப்போது இருந்த, கழுத்து நைந்த பின்னற் சட்டை என் வீட்டிலிருந்து வந்தது. அன்று காலையில் நான் கட்டிலின் கீழிருந்த பெட்டியைத் திறக்கவில்லை. போனால் போகட்டும் என்று தோன்றியவற்றை மட்டும் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். கொடுக்க மனம் வந்ததைக் கொடுத்தேனே தவிர, கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி கடல் கொந்தளித்து வந்து ஊர்களை அழித்தபின், தமிழ்நாட்டின் நாகப்பட்டினப் பகுதிக்கு லொறி லொறியாகத் துணி வந்தது. யாருக்கும் உதவாத துணிகள் வீதியோரங்களில் மலையாகக் குவிந்து கிடந்தன. அவற்றைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தும் வேலையில் முன்னின்றது 'கூஞ்ச்' என்னும் அமைப்பு. டில்லியில் அன்ஷு குப்தா என்பவர் 1999இல், தம் வீட்டிலிருந்த 67 உடுப்புகளோடு அதைத் தொடங்கினார். உடுத்தத் தக்கதை உடுத்தவும், தகாத பருத்தித் துணியைக் கிழித்து, சுத்தம் செய்து, கிராமப் பெண்களுக்கு மாதவிலக்கின்போது பயன்படும் துணியாகத் தைக்கவும் அவர்கள் வழிசெய்தார்கள். ஊருக்குக் கிணறு வெட்டியவர்களுக்கும் பாதை போட்டவர்களுக்கும் அந்த உழைப்பின் ஊதியமாகத் துணி கொடுத்தார்கள், பிச்சையாகக் கொடுக்கவில்லை. 2015இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. அவருடைய தொண்டிலிருந்து நான் அறிந்துகொண்டது ஒன்றுதான்: துணியைக் கொடுப்பது பாதி வேலை, பெறுபவரின் மானத்தை நினைத்துக் கொடுப்பது மீதி வேலை.

மனம் எனக்கு அப்போதே திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. பெட்டி மேலும் பதினொரு ஆண்டு கட்டிலின் கீழேயே கிடந்தது.

இடையில் இத்துறையில் பெயர்பெற்ற ஜப்பானியப் பெண்மணி மாரி கொண்டோவின் நூலைப் படித்தேன். 2014இல் ஆங்கிலத்தில் வெளிவந்து உலகமெங்கும் பரவிய நூல் அது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார். மகிழ்ச்சி தந்தால் வைத்துக்கொள். தராவிட்டால் நன்றி கூறி அனுப்பிவிடு என்பது அவர் உபதேசம். சட்டி பானைக்கும் பழைய புத்தகத்துக்கும் இது சரிவரலாம். பிள்ளையின் சட்டைக்கு எப்படிச் சரிவரும்? எதை எடுத்தாலும் மகிழ்ச்சி தருகிறதே! மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பின்னர், தம் வீட்டை முன்போல ஒழுங்காக வைத்திருக்கும் முயற்சியைத் தளர்த்திவிட்டதாக அவரே 2023இல் கூறினார் என்று அறிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தது. மலைநாடெங்கும், எங்கள் பதுளை மாவட்டத்திலும், பல இடங்களில் மண் சரிந்து உயிர்களும் வீடுகளும் போயின. மழை சற்று ஓய்ந்ததும் மீண்டும் துணி கேட்டார்கள். இம்முறை நான் கட்டிலின் கீழே குனிந்து பெட்டியை வெளியே இழுத்தேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மூடியைத் திறந்தபோது முதலில் வந்தது பூஞ்சண வாடை. ஊவா மலைகளில் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையின் ஈரம் தகரத்துக்குள்ளும் புகுந்துவிடும் என்பதை நான் எண்ணியதில்லை. வெள்ளைச் சட்டைகளில் மஞ்சள் படர்ந்திருந்தது. காலுறைகளின் இலாஸ்டிக் தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தது. பின்னல் தொப்பியைப் பூச்சி அரித்திருந்தது. இளஞ்சிவப்புக் கவுன் மட்டும் அதிகம் கெடாமல் இருந்தது. அதன் மடிப்புகளிலும் நிறம் போயிருந்தது. 2014இல் ஒரு குழந்தையின் குளிரைப் போக்கியிருக்கக்கூடிய துணிகள் அவை. நான் பத்திரப்படுத்தியதாக நினைத்தேன். உண்மையில் மெல்ல மெல்ல அழித்துக்கொண்டிருந்தேன்.

"நமக்கு இனி வேணாங்கறது அன்னிக்கே தெரியும்" என்றாள் என் மனைவி. அவ்வளவுதான். நாங்கள் பேசாமல் வைத்திருந்த சொல் அன்று அப்படி எளிதாக வெளியே வந்துவிட்டது. சிறிது நேரம் இருவரும் அழுதோம். பிறகு எழுந்து வேலையைப் பார்த்தோம்.

பதினைந்து வயது மகளும் வந்து சேர்ந்துகொண்டாள். அலுமாரியிலிருந்த அவளுடைய அளவு தப்பிய உடுப்புகளையெல்லாம் தரையிற் கொட்டினோம். 'என் பிள்ளைக்கு இதை உடுத்துவேனா?' என்ற ஒரே கேள்வியை ஒவ்வொன்றிடமும் கேட்டோம். ஆம் என்றவற்றைத் தோய்த்து, அடுப்பருகே கொடிகட்டிக் காயவைத்து, விழுந்த பொத்தானைத் தைத்து, வயதுவாரியாகக் கட்டி, கட்டின்மேல் வயதையும் எழுதினோம். இல்லை என்றவற்றுட் பருத்தித் துணிகளைத் துடைப்பதற்கு எடுத்துக்கொண்டோம். உள்ளுடைகளைப் பழையதாகக் கொடுக்கலாகாது என்று புதிதாகவே வாங்கிச் சேர்த்தோம். நினைவுக்கு ஒன்றே ஒன்று என்று முடிவு செய்து, எதை வைப்பது என்பதை மகளிடம் விட்டோம். அவள் கவுனை எடுக்கவில்லை. பூச்சி அரித்த தொப்பியை எடுத்துக்கொண்டாள். "இது பாட்டி பின்னினது" என்றாள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தீபாவளிக்குப் புத்தாடை வாங்குமுன் சிறுத்துப்போனவற்றைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். இங்கே மழைக்காலம் கடுமையாவதும் அதனையொட்டித்தான். துணி கெடுமுன் போய்ச் சேரும், குளிருக்கும் உதவும். கொடுப்பதை நாலு பேர் பார்க்கக் கொடுப்பதில்லை. இன்னார் வீட்டுச் சட்டை என்று பெறும் பிள்ளைக்குத் தெரியவேண்டியதுமில்லை.

சென்ற தை மாதத்தில் ஒருநாள் காலை, பனி விலகாத நேரம், பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். தேயிலைக்குள்ளிருந்து ஒற்றையடிப் பாதையில் ஒரு சிறுமி ஏறி வந்தாள். ஆறு வயதிருக்கும். சிவப்பு ஸ்வெட்டர், இடக்கையில் என் மனைவி நீல நூலால் இழையோட்டிய இடம் தெரிந்தது. கண நேரம் என் மகளே ஆறு வயதுப் பிள்ளையாகித் திரும்பி வருவது போலிருந்தது. பெட்டியில் ஆண்டாண்டாகக் கிடந்த சட்டை எதுவும் அப்படியொரு கணத்தை எனக்குத் தந்ததில்லை. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, "குட்மோர்னிங் சேர்" என்று சொல்லிவிட்டு ஓடியது. கை சற்று நீளமாகத்தான் இருந்தது. அடுத்த ஆண்டும் அவளுக்குப் போதும்.