யாருடைய ஆட்கள்?

'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடரின் இரண்டாம் சீசனில் பத்தாவது எபிசோட் 'பெகாசஸ்'. 2005 செப்டம்பர் 23 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பாகி, உச்சக்கட்டத்தில் அப்படியே நின்றது. அடுத்த எபிசோட் 2006 ஜனவரி 6இல்தான் வந்தது. 105 நாட்கள் இடைவெளி. நான் பல வருடங்கள் கழித்து மடிக்கணினியில் பார்த்தேன். எனக்குப் பத்து விநாடிதான் காத்திருப்பு. அந்தப் பத்து விநாடியில் என் மனதில் ஓடியது ஒரே கேள்வி: எந்தக் கப்பல் முதலில் சுடும்?

அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மனிதர்கள் உருவாக்கிய சைலான்கள் திரும்பத் தாக்கியதில் மனித இனத்தில் சுமார் ஐம்பதாயிரம் பேர்தான் மிச்சம். அவர்களைக் காத்துக்கொண்டு ஓடுகிறது கலாக்டிகா என்ற போர்க்கப்பல். அதன் தளபதி அடாமா. அழிந்துவிட்டதாக நினைத்த பெகாசஸ் கப்பல் ஒருநாள் வந்து சேர்கிறது. அதன் தலைமை அட்மிரல் கெய்ன். 1978இல் வந்த பழைய தொடரில் கெய்ன் ஓர் ஆண், இதில் பெண். ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பெண்ணின் கப்பலில்தான், மனித உருவிலுள்ள சைலான் கைதி ஜீனா அடிபட்டு, சங்கிலியில் கிடக்கிறாள். அவளை வன்புணர்ந்ததைச் சிப்பாய்கள் குடித்துக்கொண்டே பெருமையாகச் சொல்கிறார்கள்.

பிறகு விசாரணை அதிகாரி தார்ன், கலாக்டிகாவில் அடைபட்டிருக்கும் ஷாரனின் அறைக்குள் நுழைகிறான். அவளும் சைலான், கர்ப்பிணி. அவள் வயிற்றிலிருக்கும் குழந்தையின் தகப்பன் ஹீலோவும் டைரலும் ஓடிவந்து தடுக்கிறார்கள். கைகலப்பில் தார்ன் சாகிறான்.

அதோடு கதை அந்த அறையை விட்டு வெளியே வந்துவிடுகிறது. இருவருக்கும் கெய்ன் மரண தண்டனை விதிக்கிறாள். தன் ஆட்களை மீட்டே தீருவேன் என்கிறார் அடாமா. இரண்டு பக்கமும் போர் விமானங்கள் கிளம்புகின்றன. திரை இருள்கிறது. 'என் ஆட்கள்' என்று அவர் சொன்னதில் ஷாரன் இல்லை. மிஞ்சியவர்கள் இத்தனை பேர் என்று தொடர் போடும் கணக்கிலும் அவள் இல்லை. என் பதற்றத்திலும் அவள் இல்லை.

எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது, பெரியப்பா மகளிடம் ஒருவன் தவறாக நடந்துகொண்டான். அண்ணன்கள் இரண்டு பேரும் போய் அவனை அடித்துவிட்டார்கள். போலீஸ் வந்தது. ஒரு மாதம் வீட்டில் வேறு பேச்சே இல்லை: கேஸ் என்ன ஆகும், ஜாமீன் கிடைக்குமா, யார் சமாதானம் பேசுவது? வருகிறவர்களுக்கெல்லாம் அக்காதான் டீ போட்டாள். நானும் வாசலில் நின்று அண்ணன்களைப் பற்றிய செய்திக்குத்தான் காத்திருந்தேன்.

தொடருக்கு இது தெரியாமலில்லை. இடைவேளைக்குப் பிறகு அடாமா ஷாரனிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறார். தப்பிய ஜீனா, கெய்னைச் சுட்டுக் கொல்கிறாள். இதையெல்லாம் நான் மதிக்கிறேன். ஆனால் எதற்காகப் பதற வேண்டும் என்று ஒரு கதை நமக்குச் சொல்லிக்கொடுப்பது, அது நிற்கும் இடத்தில்தான். இந்தக் கதை நின்ற இடத்தில் பெண்ணின் வலி, ஆண்களின் சண்டைக்கான காரணமாகச் சுருங்கிவிட்டது. நானும் மறுபேச்சில்லாமல் அந்தப் பக்கமே பார்த்தேன்.

அந்த எபிசோடைப் பார்த்த வாரம் அக்காவுக்கு போன் செய்தேன். கதையைச் சொல்லிவிட்டு, "அப்ப உனக்கு எப்படி இருந்துச்சுக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அன்னைக்கு ராத்திரி எனக்கு ரொம்பப் பசிச்சுதுடி. எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போயிட்டீங்க."