மிசிசிப்பிக் கரையோரம் - 6: காலி வீட்டுக்கு வந்தவர்கள்

செயின்ட் லூயிஸ் நகரின் தெற்குப் பகுதியில், கிராவோய் சாலையில், காற்றாலை வடிவத்தில் ஒரு பெரிய கட்டடம் நிற்கிறது. பீர் ஆலை அதிபர் ஆகஸ்ட் புஷ் 1917-ல் திறந்த 'பீவோ மில்' உணவகம் அது. ஜெர்மானியர் கோலோச்சிய காலத்தின் மிச்சம். அதன் அருகிலேயே, சராயேவோவின் பழைய கடைவீதியில் இருக்கும் 'செபில்' என்ற தண்ணீர் மண்டபத்தின் நகல், பச்சைக் குவிமாடத்தோடு. இது 2013-ல் பொஸ்னியர்கள் எழுப்பியது. பொஸ்னியப் போரில் வீடிழந்து 1993 முதல் இங்கே வந்தவர்கள், நலிந்து கிடந்த பீவோ மில் வட்டாரத்தைத் தங்கள் உழைப்பால் நிமிர்த்தினார்கள் என்பது ஊரறிந்த கதை. அது பாதிக் கதைதான் என்பது என் கட்சி.

1950-ல் எட்டரை லட்சம் பேர் வாழ்ந்த நகரம் 1990-ல் நாலு லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. செங்கல் வீடுகள் மலிவாகக் கிடைத்தன. ஆங்கிலம் அதிகம் தேவைப்படாத தொழிற்சாலை வேலைகளும் இருந்தன. இன்டர்நேஷனல் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு வந்தவர்களைக் குடியமர்த்தி, மொழி கற்பித்து, வேலைக்கு வழிகாட்டியது. இதைக் கேள்விப்பட்டு, அமெரிக்காவின் மற்ற ஊர்களில் இறங்கிய உறவினர்களும் இங்கே வந்தார்கள். அப்படியானால் புரெக் என்ற பொஸ்னியப் பண்டம் சுடும் கடைகளும் காபிக் கடைகளும் உழைக்காமலா வந்தன? உழைப்பை யார் மறுத்தார்கள்? விதை நல்ல விதைதான். நிலமும் ஈரமாக இருந்தது என்கிறேன்.

வெள்ளைத் தோல் என்பதால்தான் இவர்களுக்குக் கதவு திறந்தது என்பாரும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. நகரின் வடபகுதியில் கறுப்பின மக்கள் வாழும் தெருக்களிலும் வீடுகள் காலியாகத்தான் கிடந்தன. அங்கே முதலீடு வரவில்லை. இந்த வாதம் என் பக்கமே சாய்கிறது: ஒரு சமூகம் எழுவதும் விழுவதும் அதன் குணத்தால் மட்டுமல்ல.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. அடுத்த தலைமுறை ஆஃப்டன், மெல்வில் என்று புறநகருக்குப் போய்விட்டதே, அப்புறம் என்ன மறுமலர்ச்சி? ஜெர்மானியர்களின் பிள்ளைகளும் அப்படித்தான் போனார்கள். கையில் காசு சேர்ந்ததும் நல்ல பள்ளி இருக்கும் இடம் தேடிப் போவது தோல்வி ஆகாது. இடம் மாறியதால் வேரும் அறுந்துவிடவில்லை. இந்நகரின் ரூஸ்வெல்ட் பள்ளியில் படித்த வேதாத் இபிஷேவிச்தான் 2014 உலகக் கோப்பையில் பொஸ்னியாவின் முதல் கோலை அடித்தார். உள்ளூர் ஃபோன்ட்போன் பல்கலைக்கழகம் 2006-லேயே போரில் தப்பியவர்களின் வாய்மொழிச் சாட்சியங்களைத் திரட்டத் தொடங்கியது.

2021-க்குப் பிறகு ஆப்கானியர்களையும் வரவேற்றது செயின்ட் லூயிஸ். அவர்கள் பொஸ்னியர்களைப் போல உழைப்பார்களா என்று கேட்கிறார்கள். பொஸ்னியர்களுக்குக் கிடைத்த வீடும் வேலையும் இவர்களுக்கும் கிடைக்குமா என்று நகரம் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும்.

(தொடரும்)