எழுத்துத் தெரியாதோருக்கும் வழிகாட்டும் நிலையம்

யப்பானின் தலைநகரான ரோக்கியோவில், கின்சா பாதையின் கிழக்குக் கோடியில் உள்ளது அசகுசா நிலக்கீழ் ரயில் நிலையம். 1927 டிசம்பர் 30ஆம் திகதி இங்கிருந்து உவேனோ வரை 2.2 கிலோமீற்றர் தூரத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அந்நகரின் முதலாவது நிலக்கீழ் ரயில் பாதை இதுவே.

இதற்கு அடிகோலியவர் ஹயாகவா நொரிட்சுகு. 1914இல் லண்டன் சென்ற அவர், அங்கு நிலத்தின் கீழ் ஓடிய ரயிலைக் கண்டு வியந்தார். ஊர் திரும்பியதும் தெருமூலைகளில் நின்று, போவோர் வருவோரை அவரை விதைகளைக் கொண்டு எண்ணிக் கணக்கெடுத்தார் என்பர்.

சென்ற ஆண்டு நாங்கள் குடும்பமாக அங்கு சென்றிருந்தோம். எங்கள் அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு எழுத்துத் தெரியாது. புலம்பெயர்ந்து வந்த நாள்முதல் துணையின்றி அவர் வீட்டுப் படி இறங்கியதில்லை. ஆனால் ரோக்கியோவில் 2004ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. கின்சா பாதைக்குச் செம்மஞ்சள் வளையம். ஷிபுயா 1, உவேனோ 16, அசகுசா 19. உவேனோவில் ஏறிய அம்மா, விரல் மடித்து எண்ணிக்கொண்டே வந்தார். “பத்தொன்பது வந்திட்டுது, இறங்குங்கோ பிள்ளையள்” என்று எங்களை எழுப்பியவர் அவரே.

ரிக்கற் எடுக்கும்போது தொகை குறைந்துவிட்டாலும் அச்சமில்லை. வெளியேறும் வாயிலருகே உள்ள இயந்திரத்தில் மீதியைச் செலுத்தினால் போதும். வெளிவாசல்களுக்கும் இலக்கம் உண்டு. நாலாம் வாசல் சிவப்புத் தூண்களுடன் கோயில் மண்டபம் போலக் காட்சி தரும். சென்சோஜி பௌத்த ஆலயம் நடை தூரத்திலேயே உள்ளது.

“இப்பிடி எண்ணிப் போகலாமெண்டு தெரிஞ்சிருந்தால், நான் இவ்வளவு காலமும் கோயிலுக்குத் தனியப் போயிருப்பனே” என்றார் அம்மா. அந்தச் சொல் எங்களைச் சுட்டது.

அன்பான வாசகர்களே, நாம் வாழும் நகரங்கள் பலவற்றிலும் ரயில், பஸ் பாதைகளுக்கு நிறமோ இலக்கமோ உண்டு. நிலையங்களுக்கு இலக்கம் இல்லாவிடினும், இறங்கும் இடம் எத்தனையாவது தரிப்பு என்று எண்ணலாம். புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்கு மொழி வகுப்புத் தொடங்கும்வரை காத்திராமல், ஒரு விடுமுறை நாளில் கூட்டிச் சென்று இதைப் பழக்குங்கள். முகவரியும் தொலைபேசி இலக்கமும் எழுதிய துண்டொன்றைக் கையில் கொடுங்கள். அடுத்த தடவை அவர்கள் முன்னே நடக்கட்டும். நாம் பின்னே செல்வோம்.