ஓரத்துக்குப் புதுசு, நடுவுக்குப் பழசு

எங்கள் ஊர்க் குளம் இருபது வருஷம் கழித்து நிரம்பியது. உத்திரமேரூரிலிருந்து செய்யாற்றுப் பக்கம் போகிற பாதையில் ஒதுங்கிக் கிடக்கிற சின்ன ஊர். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாசமும் விடாமல் பெய்து, குளத்தின் மேல்படி வரை தண்ணீர் ஏறிவிட்டது. படியில் உட்கார்ந்து கால் நனைத்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர், ‘இந்த வருஷம் தெப்பம் விட்டா இன்னா?’ என்று கேட்டுவைத்தார். அவ்வளவுதான். ராத்திரிக்குள் அது ஊர்த் தீர்மானமாகிவிட்டது.

பழைய தெப்பம் எங்கே? சட்டத்தைக் கரையான் தின்றுவிட்டது. அடியில் கட்டியிருந்த தார் டிரம்களில் இரண்டு, கோயில் மடப்பள்ளியில் வெந்நீர் அடுப்பாக இருக்கின்றன. மற்றவை போன இடம் தெரியவில்லை. ஆக, எல்லாம் முதலிலிருந்து. புதுசா, பழசா?

மாசியில் தெப்பம் என்று நாள் குறித்தாகிவிட்டது. கூட்டத்தில் ஆளுக்கு ஒரு யோசனை. படகுத் துறைகளில் போடுகிறார்களே, ஒன்றோடொன்று கோக்கிற பிளாஸ்டிக் மிதவைக் கட்டிகள், அதை வாங்கிவிட்டால் தலைமுறைக்குக் கவலையில்லை என்றான் ஒரு பையன். ஒரு ராத்திரிக்கு மட்டும் தெப்பத்தை வாடகைக்குக் கொண்டுவந்து கட்டிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். முதலாவது, ஊரின் ஒரு வருஷ வசூலை விழுங்கும். இரண்டாவது, வாடகையைக் கேட்டதும் தானாக அடங்கிவிட்டது. கடைசியில் நாமே கட்டுவது என்று முடிவாகி, டிரம் வாங்கிவர மூன்று பேரை அனுப்பினார்கள்: பொருளாளர், ஆசாரி, கணக்குப் போடத் தெரியும் என்பதால் நான்.

மூன்று பேர் என்றால் சும்மா இல்லை. நாங்கள் குடத்தில் பெயரோலை போட்டு ஆள் எடுத்த குடவோலை ஊர்ப் பக்கத்துக்காரர்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919-லும் 921-லும் வெட்டியது, இன்னும் நிற்கிறது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரர்களும் ஓலையில் பெயர் எழுதக்கூடத் தகுதியில்லாதவர்கள். எங்கள் பொருளாளருக்கு இந்தக் கல்வெட்டைப் பற்றி யாராவது பேச்செடுத்தாலே முகம் சுருங்கும். போன திருவிழாக் கணக்கு இன்னும் பாக்கி.

நாங்கள் கட்டப்போனதற்கு அமெரிக்காவில் பான்டூன் படகு என்று பெயர். 1952-இல் மினசோட்டாவில் ஆம்புரோஸ் வீர்ஸ் என்ற விவசாயி, இரும்புப் பீப்பாய்களை நீளவாக்கில் பற்றவைத்து இரண்டு வரிசையாக்கி, மேலே பலகை பரப்பி ஏரியில் விட்டார். அதிலிருந்து அங்கே அது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. இன்று அந்த நாட்டில் ஏரிக்கரையில் வீடு வைத்திருப்பவர்கள் புதுசு வாங்குவதா, பழசு வாங்குவதா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மிதவையின் மேல் பலகை பரப்பினால் எளிதில் கவிழாது என்பது நமக்குப் புதிய விஷயம் இல்லை. மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தைப்பூசத்துக்கும், மயிலாப்பூர்க் குளத்தில் அதே நாட்களிலும் சாமி சுற்றி வருவது இதே ஏற்பாட்டில்தான். படகு வயிற்றால் மிதக்கிறது, தெப்பம் காலால் மிதக்கிறது. நாலு மூலையிலும் கால் ஊன்றி நிற்பதுபோல. அதனால் ஒரு கால் சறுக்கினாலும் தெரிந்துவிடும். இதை அப்போது நான் யோசிக்கவில்லை.

கணக்கு என் வேலை. இருபதடிக்குப் பதினாறடி தெப்பம். சவுக்குக் கட்டையும் பலகையும் 1,100 கிலோ. விமானம், பூ, விளக்கு எல்லாம் 400. சாமியும் பீடமும் 150. இருபத்தைந்து ஆள், ஆளுக்கு 64 கிலோ என்று 1,600. மொத்தம் 3,250 கிலோ. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்பது கிலோ இருக்கும். முழுக்க முங்கினால் 190 கிலோ தூக்கும். ஆனால் முழுக்க முங்கவிட்டால் பலகை மேல் தண்ணீர் அலம்பும். பாதி முங்க வேண்டும், பாதி வெளியே தெரிய வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒன்றுக்குச் சுமார் 90 கிலோ. முப்பத்தாறு டிரம். ஆசாரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ‘நாப்பதா வாங்கிடு சார்’ என்றார். எந்தக் கணக்குக்கும் அவர் நாலு கூட்டித்தான் சொல்வார். அவர் கட்டிய வீடு எதுவும் இதுவரை விழுந்ததில்லை.

புதுசின் விலையைக் கேட்டுவிட்டு, பழசே போதும் என்று வாதாடியவன் நான்தான். ஒரு ராத்திரிக் கூத்துக்கு எதற்கு இத்தனை செலவு? ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகள் பெருகியதிலிருந்து காலி டிரம்முக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பெரிய காயலான் கடைக்குப் போனோம். நீலம், கறுப்பு, வெள்ளை என்று மலைபோல் அடுக்கிவைத்திருந்தார்கள். ஓரத்தில் இரும்பு டிரம்களும் இருந்தன. அவற்றை ஆசாரி திரும்பியே பார்க்கவில்லை. ஒன்று பதினேழு கிலோ. மேலே பெயின்ட் அடித்திருந்தால் உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரியாது. அடி மடிப்பில் சுத்தியால் மெல்லத் தட்டினால் சில இடங்களில் ‘டங்’ என்ற சத்தம் ‘டொக்’ என்று மாறும். அங்கே தகடு காகிதமாகிவிட்டது என்று அர்த்தம்.

பிளாஸ்டிக் டிரம் வாங்குவதற்கு ஆசாரி வைத்திருந்த சோதனைகளை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. முதலில் உள்ளங்கையால் உடம்பைத் தேய்ப்பார். கையில் சுண்ணாம்புபோல் பொடி ஒட்டினால் அது வெயிலில் கிடந்து செத்த டிரம். கயிறு இறுகும்போது விரிசல் விடும். அடுத்து, மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். ‘மாடு தண்ணி குடிக்கிற கொளம் சார். உள்ள இன்னா இருந்துச்சின்னு தெரியாம எறக்கக் கூடாது.’ பூச்சி மருந்து வாடையும் ஆசிட் நெடியும் அடித்த டிரம்களை, எவ்வளவு வேண்டுமானாலும் கழுவித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாலும், ஒதுக்கிவிட்டார். எண்ணெயும் பழச்சாறும் வந்த டிரம்களை மட்டும் தனியே எடுத்தார். பிறகு மூடியை இறுக்கிப் படுக்கப்போட்டு, ஏறி அழுத்தி, காதை மூடியருகே வைத்தார். காற்று ‘உஸ்’ என்றால் தள்ளிவிடு.

‘பொண்ணு பாக்க வந்தாகூட இவ்வளவு பாக்க மாட்டாங்க’ என்றார் கடைக்காரர்.

‘பொண்ணு தண்ணியில மெதக்க வேணாம் பாய்’ என்றார் ஆசாரி.

பதினொன்றைக் கழித்து நாற்பதைத் தேற்றி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். மிச்சம் பிடித்த பணத்தை நினைத்து வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை.

படியோரத்தில் வைத்தே கட்டினோம். சவுக்கைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு, நைலான் கயிற்றால் டிரம்மை வயிற்றிலும் கழுத்திலும் கட்டி, மேலே பலகை அறைந்து, சாயங்காலம் தண்ணீரில் தள்ளினோம். ஆளுக்குப் பதில் மணல் மூட்டை. குண்டு மல்லிபோல் மிதந்தது. நான் கரையில் நின்று டீ குடித்தேன்.

விடிந்து போய்ப் பார்த்தால் ஈசானிய மூலை நாலு விரல்கடை இறங்கியிருந்தது.

கட்டு அவிழ்த்துப் பார்த்தோம். மூன்று டிரம்மில் தண்ணீர். ஓட்டை ஒன்றும் இல்லை. கடையில் காது வைத்துப் பார்த்தபோது ‘உஸ்’ என்று சொல்லாத அதே மூடிகள்தான். ஆசாரி குழம்பிப்போனார். பிறகு உட்கார்ந்து யோசித்ததில் புரிந்தது. பகலெல்லாம் வெயிலில் சூடாகி உள்ளே காற்று விரிந்திருக்கிறது. ராத்திரி குளத்துத் தண்ணீரில் குளிர்ந்ததும் அந்தக் காற்று சுருங்கி உள்ளிருந்து இழுக்கிறது. மூடியில் இருந்த ரப்பர் வாஷர் காய்ந்து கல்லாகியிருக்கிறது; இழுவை வந்ததும் தண்ணீருக்கு வழி விட்டுவிட்டது. வெளியே தள்ளுகிற காற்றைத்தான் நாங்கள் சோதித்தோம், உள்ளே இழுக்கிற தண்ணீரைச் சோதிக்கவில்லை. அதைவிட மோசம், பாதி தண்ணீர் புகுந்த டிரம் அசைகிறபோதெல்லாம் உள்ளே தண்ணீர் தாழ்ந்த பக்கமே ஓடும். சாய்கிற பக்கம் இன்னும் சாயும்.

பொருளாளர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கணக்குப் பாக்கி வைத்திருக்கிறவர் ஆயிற்றே, அவரால் சொல்லவும் முடியாது.

அன்றுதான் அந்தத் தீர்மானம் வந்தது. நடுவில் இருக்கிற டிரம் ஒன்று போனால் தெப்பம் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். மூலையில் இருப்பது போனால் தெப்பமே சாயும். எனவே மூலைக்கு இரண்டாக எட்டுப் புது டிரம். மற்ற முப்பத்திரண்டும் பழசே, ஆனால் அத்தனை மூடிக்கும் புது வாஷர். உத்திரமேரூர் பஜாரில் கிடைத்த வாஷர் போதாமல், மிச்சத்துக்குச் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போட்டோம். மறுபடியும் தள்ளி, இந்தத் தடவை இரண்டு ராத்திரி விட்டுவைத்தோம். மூலையில் சாக்பீஸால் போட்ட கோடு நனையவில்லை.

புதுசு வாங்கினால் பத்திரம், பழசு என்றால் ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது. 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடியில் ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து நாற்பத்தைந்து பேர் போனார்களே, அது நீரில் இறங்கிச் சில வாரங்களே ஆன புதுப் படகு. 2023 மே 7-ஆம் தேதி மலப்புறம் தானூரில் இருபத்திரண்டு பேரைக் கொண்டுபோனது, மீன்பிடிப் படகாக இருந்து உல்லாசப் படகாக மாற்றப்பட்டது. ஒன்று புதுசு, ஒன்று பழசு. இரண்டிலும் ஏறியவர்கள் கூடுதல். எங்கள் தெப்பத்திலும் இருபத்தைந்துக்குப் பதில் ஐம்பது பேர் ஏறினால் டிரம் ஒன்றுக்கு 130 லிட்டர் முங்கும்; மிதக்கத்தான் மிதக்கும். ஆனால் கர்ப்பூரம் காட்டுகிற நேரத்தில் அந்த ஐம்பது பேரும் ஒரு பக்கம் எட்டிப் பார்ப்பார்களே, அப்போது எந்தப் புது டிரம்மும் உதவாது.

இருபத்தைந்து என்றதும் ஊரே கொதித்தது. அர்ச்சகர் இரண்டு பேர், நாயனமும் தவிலுமாக நாலு, சாமி தூக்கிகள் நாலு, கழி ஊன்ற ஆறு, ஆசாரி ஒருவர். பதினேழு போயிற்று. மீதி எட்டு இடத்துக்கு நாற்பது மரியாதைக்காரர்கள். தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு முதல் மரியாதை என்று ஒருவர். பெயின்ட் செலவு மொத்தமும் நான் கொடுத்தேன் என்று ஒருவர். விடிய விடியப் பேசியும் தீரவில்லை. அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மா குரல் கொடுத்தார்: ‘ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த ஊரு, ஒரு கொடத்த எடுத்தாந்து வெச்சி சீட்டு போடுங்களேன்.’

போட்டோம். கல்வெட்டில் உள்ளபடியே, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம். இந்தக் காலத்துக்கு ஏற்ப ஒரே ஒரு திருத்தம்: பெண்கள் பெயரும் குடத்தில் இருந்தது. எட்டில் மூன்று அவர்களுக்கு விழுந்தது. முதல் மரியாதைக்காரருக்கு விழவில்லை. அவர் இரண்டு நாள் கோயில் பக்கமே வராமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் வடம் பிடிக்க வந்து நின்றார்.

தெப்பத்தன்று தீயணைப்பு நிலையத்திலிருந்து இரண்டு பேர் மிதவை வளையத்தோடு வந்து கரையில் உட்கார்ந்திருந்தார்கள். நாலு கரையிலிருந்தும் வடம். மூன்று சுற்று. இரண்டாவது சுற்றில் தெற்குப் படித்துறையில் ஆரத்தி காட்டும்போது, மேலே இருந்தவர்கள் தம்மை மறந்து அந்தப் பக்கம் ஓர் அடி நகர்ந்தார்கள். தெப்பம் மெல்லத் தலையைச் சாய்த்தது. நாயனக்காரர் ஊதுவதை நிறுத்தவில்லை. ஆனால் கண் மட்டும் ஆசாரியைத் தேடியது. ஆசாரி, ‘அவங்கவங்க எடத்துல நில்லுங்க’ என்று ஓர் அதட்டல் போட்டார். நிமிர்ந்தது. நான் சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் சாமியைச் சரியாகச் சேவிக்கவில்லை.

தெப்பம் என்பது வருஷத்தில் ஒரு ராத்திரி தண்ணீரில் இருக்கிற பொருள். எங்கள் ஊரில் இருபது வருஷத்துக்கு ஒரு ராத்திரி. மீதி நாளெல்லாம் அது கட்டாந்தரையில் கிடக்க வேண்டியது. வாங்குகிறபோது தண்ணீரை மட்டும் நினைத்தால் போதாது, தரையையும் நினைக்க வேண்டும். போன தெப்பத்தை மூட்டையாகக் கட்டிவைத்துத்தானே கரையானுக்குக் கொடுத்தோம். இந்த முறை சட்டத்தைப் பிரித்து, சவுக்கைப் பந்தல்காரருக்கு விற்றுவிட்டோம். டிரம்களை மண்டபத்தில் வைத்து ஏலம் போட்டோம். பழசெல்லாம் வாங்கிய விலைக்குப் பாதிதான் போயிற்று. புது டிரம் எட்டுக்கும் போட்டி. கிட்டத்தட்ட போட்ட காசு திரும்பிவிட்டது. இயற்கை விவசாயம் செய்கிறவர்களுக்கு ஜீவாமிர்தம் கரைக்க அச்சாக இந்த 200 லிட்டர் டிரம்தான் வேண்டும். பழசே போதும் என்று நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த கணக்கு இப்படிப் பொய்யாயிற்று. நாற்பதும் புதுசாகவே வாங்கியிருந்தால் ஊருக்குச் செலவு இன்னும் குறைந்திருக்கும்.

இதை அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து சொல்லிவிட்டேன். பொருளாளர் அன்றைக்கு வந்த தைரியத்தில் இரண்டு திருவிழாக் கணக்கையும் சேர்த்து வாசித்தார். கடைசிப் பக்கத்தில், நாற்பது டிரம்மும் யார் யார் வீட்டில் இருக்கின்றன என்று பெயரோடு எழுதி வைத்திருக்கிறோம். அடுத்து குளம் நிரம்புகிற வருஷம் ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நிபந்தனை. எட்டாம் எண் டிரம், ஈசானிய மூலையில் இருந்தது, என் மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது. வாஷரை மட்டும் கழற்றி, காயாமல் எண்ணெய் தடவி, அலமாரியில் வைத்திருக்கிறேன்.