மெத எலயிலிருந்து அனுராதபுரம் வரை

கட்டுகஸ்தோட்டை

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கிலாந்தில் உங்கள் ஹாட்டன் கால்வாயில், படகை ஏற்றி இறக்குகிற லொக் கதவின் நீண்ட மரக்கையைச் சின்னவன் முதுகு கொடுத்துத் தள்ளுகிற படத்தை அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டிவிட்டார். இவ்வளவு பெரிய கதவை ஒரு பிள்ளை எப்படி அசைக்கும் என்பதுதான் அவருக்குப் புதிர். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் கதவின் மேல் அழுத்தம் இல்லை, அதனால் சின்னக் கையும் போதும் என்று விளக்கினேன். மட்டம் ஒரு சாண் வித்தியாசப்பட்டாலும் நாலு ஆம்பிளைகள் சேர்ந்தாலும் திறக்க ஏலாது. மேல்தண்ணீரைப் பார்த்துக் கூராகச் சேர்கிற கதவுகள், தண்ணீர் தள்ளத் தள்ள இன்னும் இறுகும். 21 லொக்குகளில் 45 மீற்றர் உயரம் படகை ஏற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். இருநூறு வருசத்துக்கு மேலாக அங்கே படகுகள் ஏறி இறங்குகின்றன என்பதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது.

நம்ம பக்கம் இப்படி ஏதாவது உண்டா என்று மச்சான் கேட்டாராம். படகு ஏற்றுகிற லொக் கண்டியில் இல்லை. ஆனால் ஒரு ஆற்றையே பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு அனுப்புகிற கதவுகள் பொல்கொல்லவில் இருக்கின்றன. சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது யன்னலோரம் இருந்து பார்ப்போமே, அந்த அணைதான். கட்டுகஸ்தோட்டைக்குக் கொஞ்சம் கீழே, 1976இல் மகாவலியை மறித்துக் கட்டியது. மழைக்காலத்தில் வான்கதவு திறந்தால் ரேடியோவில் சொல்வார்கள். மற்ற நாட்களில் தண்ணீரில் ஒரு பங்கு சத்தமில்லாமல் மலைக்குள் போகிறது. ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கம். மறுபக்கம் உக்குவளையில் இறங்கி 40 மெகாவோட் மின்சாரம் கொடுத்துவிட்டு, சுது கங்கையாகி, அம்பன் கங்கையாகி, போவத்தன்ன நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு பங்கு இன்னொரு சுரங்கத்தால் தம்புள்ளைப் பக்கம் திரும்பி, கண்டலம, கலாவெவ குளங்கள் வழியாக வயல்களுக்குப் போகிறது.

கலாவெவயிலிருந்து அனுராதபுரத்துத் திஸ்ஸ வெவவுக்குப் போகிற ஜய கங்கையை மச்சானுக்குக் கட்டாயம் சொல்லு. தாதுசேனன் காலத்தது, ஐந்தாம் நூற்றாண்டு. 87 கிலோமீற்றர் நீளம். முதல் 17 மைலில் மைலுக்கு வெறும் 6 அங்குலச் சரிவு. லொக்கும் இல்லை, இயந்திரமும் இல்லை. மண்ணின் மட்டத்தை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பழைய கால்வாயில் இன்றைக்கு ஓடுகிற தண்ணீரில் கண்டித் தண்ணீரும் கலந்திருக்கிறது என்று நினைக்க எனக்குச் சிலிர்க்கும். அதே நினைப்பு இப்போது என்னை உறங்கவும் விடுவதில்லை.

ஏன் என்று சொல்கிறேன். கண்டி வாவி நிரம்பினால் மிஞ்சுகிற தண்ணீர் எங்கே போகிறது? மெத எல என்கிற வாய்க்காலுக்குள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயல்வெளியை மறித்து வாவியைக் கட்டினான். அந்த வாவியின் தண்ணீர் ஊருக்குள்ளே வளைந்து, வில்லியம் கோபல்லாவ மாவத்தையை ஒட்டி ஓடி, கெட்டம்பேயில் மகாவலியில் விழுகிறது. வெறும் வாவித் தண்ணீர் என்றால் யாருக்கு என்ன கவலை? சாப்பாட்டுக் கடைக் கழிவு, வாகனம் கழுவிய எண்ணெய், வீட்டுக் குழாய்கள், பொலித்தீன் எல்லாம் சேர்ந்துதான் விழுகிறது. மழை இல்லாத மாசத்தில் அந்தப் பக்கம் மூக்கைப் பொத்தாமல் நடக்க ஏலாது. கட்டுகஸ்தோட்டையில் பிங்கா ஓயா தன் பங்குக்கு அக்குறணைப் பக்கத்து அழுக்கைக் கொண்டுவருகிறது. இதே கட்டுகஸ்தோட்டையில்தான் நாம் குடிக்கிற தண்ணீரையும் ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கிறார்கள். மீதி பொல்கொல்லவுக்கு. வான்கதவு தண்ணீரைத் திருப்பும், நிறுத்தும், விடும், அழுக்கை வடிகட்டாது. நாம் கண்டியில் ஊற்றுவதை, நம்மை ஒருநாளும் பார்த்திராத ஒரு விவசாயி முழங்கால் அளவு நின்று நாற்று நடுகிற வயலுக்கு நாமேதான் அனுப்பிவைக்கிறோம்.

ஜப்பான் உதவியோடு கன்னொருவையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் குழாய் போகாத சந்துகள், மலைச்சரிவு வீடுகள், லயன்கள் எத்தனை! அந்த வேலை அரசாங்கத்தால் மட்டும் முடியாது. உங்கள் நாட்டிலும் ஒரு காலத்தில் லொக்குகள் பாழடைந்து, கால்வாய்கள் குப்பைக் குழிகளாகக் கிடந்தனவே. 1946இல் கால்வாய் ஆர்வலர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிறகு சனங்கள் லீவு நாளில் மண்வெட்டியோடு இறங்கினார்கள். டிவைசஸ் ஊரில் 29 லொக்குகள் உள்ள கால்வாய் அப்படித்தான் மீண்டு, 1990இல் மறுபடி திறந்தது. இங்கேயும் மெத எலவுக்கு அந்த மாதிரி ஆட்கள் வேண்டும். எங்கள் தெருப் பையன்கள் சிலர் கேட்டால் வருவார்கள். கடைக்காரர்களை இணங்க வைப்பதுதான் பாடு.

ஆகவே ஒரு உதவி. உங்கள் கால்வாயில் தொண்டு வேலை செய்கிறவர்களை ஹாட்டனில் அடிக்கடி காண்கிறாய் என்று எழுதினாய் அல்லவா? அவர்களிடம் கேள்: கரையோரக் கடைகளின் கழிவுக் குழாய்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள், யாரை முதலில் போய்ப் பார்த்தார்கள், சண்டை வராமல் எப்படிப் பேசினார்கள். சுத்தம் செய்த பிறகு திரும்ப அழுக்காகாமல் வைத்திருப்பது எப்படி என்பதுதான் எனக்கு முக்கியம். மச்சானையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டு, விவரமாக எழுது. சித்திரை லீவுக்கு முன் வந்தால் பையன்களோடு இருந்து பேச வசதி.

அம்மாவுக்கு முழங்கால் நோவு குறைந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு முத்தம்.

அன்புடன்,
அண்ணன்