மார்ச் மாதத்து லெந்து

பிப்ரவரி 14, 2024, சாம்பல் புதன்

இந்த ஆண்டு சாம்பல் புதனும் காதலர் தினமும் ஒரே நாளில் வந்திருக்கின்றன. எங்கள் வங்கிக் கிளையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மேசைக்கு மேசை சாக்லேட் வைத்துப் போனார்கள். எங்கள் சபையில் நெற்றியில் சாம்பல் பூசும் வழக்கம் இல்லை. அதனால் நான் விடியற்காலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்தேன் என்பது யாருக்கும் தெரியாது. சாக்லேட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். லெந்து நோன்பு முடிந்ததும் தின்றால் போகிறது.

காலண்டரைப் புரட்டினேன். ஈஸ்டர் மார்ச் 31. நிதியாண்டின் கடைசி நாளும் அதுவே. வங்கியில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தத் தேதியைப் பற்றி விளக்க வேண்டாம். நோன்பு நாட்களும் டார்கெட் காலமும் இந்த முறை கூடவே நடக்கும். ரம்ஜான் நோன்பும் மார்ச் நடுவில் தொடங்குகிறது. எங்கள் தலைமைக் காசாளர் பாயிடம் இன்றே பேசிவிட்டேன். நோன்பு திறக்க அவர் சாயங்காலம் சீக்கிரம் கிளம்பினால் மிச்ச வேலை என்னுடையது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி வேலை அவருடையது. "நீங்க கோயிலுக்குப் போயிட்டு வாங்க அக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் 'மதச்சார்பற்ற உலகத்தின் நெருக்கடி' பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். ஐரோப்பாவில் தேவாலயங்கள் காலியாகக் கிடக்கின்றன, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962-லேயே அரசுப் பள்ளிகள் நடத்தும் ஜெபத்தைத் தடுத்துவிட்டது என்றெல்லாம் சொன்னார். தகவல்கள் சரிதான். ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்தது பாளையங்கோட்டையில்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் சொச்சம். நாடு முழுவதும் எடுத்தால் இரண்டு பேர் சொச்சம். இந்த எண்ணிக்கையில் இருக்கிறவர்களுக்கு மதச்சார்பற்ற அரசு எப்படி எதிரியாகும்? பெரிய வெள்ளிக்கு விடுமுறை தருவது அந்த அரசு. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு இல்லாவிட்டால் பிரசங்கியார் அந்த மேடையில் நின்றிருக்க முடியாது. மேல்நாட்டுப் புத்தகத்திலிருந்து புலம்பலை அப்படியே இறக்குமதி செய்கிறோம். நம்மை நெருக்குவது வேறு. அது கடவுள் இல்லையென்று வாதாடாது. சபைத் தேர்தல் போஸ்டரில் ஆயிரம் பேர் கைகூப்பிச் சிரித்தாலும், கல்யாணப் பேச்சில் நூறு பவுன் கேட்டாலும் 'கர்த்தருக்கு ஸ்தோத்திரம்' என்று சேர்த்தே சொல்லும்.

மார்ச் 1, வெள்ளி

சாயங்காலம் மண்டல அலுவலகத்திலிருந்து கான்-கால். எந்தக் கிளையில் யார் எத்தனை இன்சூரன்ஸ் பாலிசி போட்டார்கள் என்று பட்டியல் வாசித்தார்கள். ராத்திரி அதே பட்டியல் வாட்ஸாப் குழுவில். பூஜ்யம் போட்டவர்களின் பெயர்கள் சிவப்பில். என் பெயர் அதில் இருக்கிறது.

மார்ச் 7, வியாழன்

எங்கள் சபை ஆச்சி ஒருத்தி கிளைக்கு வந்திருந்தாள். மூன்று லட்ச ரூபாய் டெபாசிட் முதிர்ந்துவிட்டது. மாதாமாதம் வரும் வட்டியில்தான் மாத்திரை, பால் கணக்கு, கோயில் காணிக்கை எல்லாம். மேலாளர் கண் காட்டினார். அதில் ஒரு லட்சத்தைப் பேரன் பெயரில் பாலிசியாகப் போடச் சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டு, ஆண்டுக்கு ஒரு லட்சம் பிரீமியம். மூன்று லட்சம் வைத்திருக்கிறவள் நாலாவது லட்சத்துக்கு எங்கே போவாள்? முதல் ஆண்டோடு நிறுத்தினால் கட்டினது திரும்பாது என்பது பாரத்தில் இருக்கிறது, பொடி எழுத்தில்.

ஆச்சி என் முகத்தையே பார்த்தாள். "நீ எங்க சொன்னாலும் கையெழுத்துப் போடுதேன் தாயி, நீயும் நம்ம கோயில்தானே" என்றாள். மேலாளர் எண்ணியிருந்ததும் அந்த உறவைத்தான். வங்கியின் விளம்பரம் சம்பாதிக்க முடியாத நம்பிக்கையை எங்கள் சபை அவளுக்கு ஊட்டி வைத்திருக்கிறது. அதைக் காசாக்கத்தான் எனக்கு மாத டார்கெட்.

டெபாசிட்டை ஓராண்டுக்குப் புதுப்பித்து ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பினேன். மேலாளர் கோபப்படவில்லை. "இதில் சட்ட விரோதம் ஒன்றும் இல்லையே மேடம்" என்று மட்டும் கேட்டார். அவரும் ராத்திரியில் சிவப்புப் பட்டியல் பார்க்கிறவர், வீட்டுக் கடன் கட்டுகிறவர். கெட்ட மனிதர் இல்லை.

ராத்திரி லூக்கா மூன்றாம் அதிகாரத்தை எடுத்தேன். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வந்த ஆயக்காரரை யோவான் ஸ்நானகன் வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதிருக்கச் சொன்னான். அவ்வளவுதான். அதிகப்படியாக வாங்கியது அன்றைக்கு ஆயக்காரனின் சொந்தக் களவு. இன்றைக்கு அந்த அதிகப்படியையே டார்கெட் என்று விதித்து, பட்டியல் போட்டு, முதலிடம் பிடித்தவருக்குக் கேடயமும் கொடுக்கிறார்கள். சட்டத்தைத் தாண்டாமலே ஒரு கிழவியின் பால் கணக்கை நிறுத்திவிடலாம். யோவானின் பதிலை இன்றைய கவுன்டருக்கு யார் விரித்துச் சொல்வது? எங்கள் பிரசங்கங்களில் நான் கேட்டதில்லை.

மார்ச் 10, ஞாயிறு

ஓய்வுநாள் பாடசாலையில் எரிக் லிடெல் கதை. இந்த ஜூலையில் பாரிஸில் ஒலிம்பிக். நூறு ஆண்டுக்கு முன், 1924-லும் பாரிஸில்தான். ஸ்காட்லாந்து ஓட்டக்காரரான லிடெலுக்கு 100 மீட்டர்தான் பலம். அதன் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓட மறுத்தார். 400 மீட்டரில் ஓடி 47.6 வினாடியில் தங்கம் வாங்கினார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

கப்பலேறும்போதுதான் ஞாயிறு என்று அவருக்குத் தெரிந்ததாக 1981-இல் வந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படம் காட்டுகிறது. அது சினிமாவுக்காக. அட்டவணை அவருக்குப் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். மாதக்கணக்கில் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். எனக்கு அந்தப் பயிற்சிதான் பெரிதாகப் படுகிறது. வீரமாக 'மாட்டேன்' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். மாற்று ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து, அதிலும் சோடை போகாமல் உழைப்பது கஷ்டம். அலுவலகத்தில் மனசாட்சி பேசுகிறவர்கள் வேலையில் சோம்பேறிகளாக இருந்தால் யாரும் மதிக்க மாட்டார்கள், மதிக்கவும் வேண்டியதில்லை.

தங்கம் வாங்கினதோடு பெரும்பாலோர் கதையை நிறுத்திவிடுகிறார்கள். அவர் சீனாவுக்கு மிஷனரியாகப் போய், 1945-இல் ஜப்பானியர் நடத்திய தடுப்பு முகாமில் இறந்ததையும் பிள்ளைகளிடம் சொன்னேன். கைதட்டல் இல்லை.

மார்ச் 13, புதன்

நேற்று நோன்பு தொடங்கிவிட்டது. பாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நான் காபியை நிறுத்தியிருப்பதை யாரிடமும் சொல்லவில்லை. அவர் முன்னால் அதைப் பெருமையாகச் சொல்ல வாயும் வராது. அவர் கிளம்பியதும் மிச்ச வவுச்சர்களை நான் முடித்தேன்.

மார்ச் 22, வெள்ளி

அரசு வரவு செலவைக் கையாளும் ஏஜென்சி வங்கிக் கிளைகள் 31-ஆம் தேதி ஞாயிறும் திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. 2023-24 கணக்கு அந்த ஆண்டுக்குள்ளேயே விழ வேண்டும், நியாயம்தான். ஈஸ்டர் என்று பார்த்துச் செய்ததல்ல. சபை வாட்ஸாப் குழுவில் 'உபத்திரவம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். உபத்திரவம் என்ற சொல்லை இப்படிச் செலவழித்தால், நிஜமாகவே அடிபடுகிறவர்களுக்கு என்ன சொல் மிஞ்சும்?

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலிலேயே ஒரு சம்பந்தப் பேச்சு. பையன் வீட்டார் ஒரு கையில் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு 'எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க' என்றார்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். அந்த வாக்கியத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பத்துக் கட்டளையாலும் முடியவில்லை.

மார்ச் 29, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை. மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று வரை போன் அணைந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தால் சபைக் குழுவில் அறுபதுக்கு மேல் செய்தி. மணிப்பூரில் நாளையையும் ஈஸ்டர் ஞாயிறையும் வேலை நாளாக அறிவித்திருந்த அரசு, எதிர்ப்புக் கிளம்பியதும் ஞாயிறை மட்டும் விலக்கிக்கொண்டிருக்கிறது. கடந்த மே மாதத்திலிருந்து கலவரத்தில் வெந்துகொண்டிருக்கும் மாநிலம் அது. அங்கே அந்த ஒரு நாளுக்கு இருக்கும் கனம் வேறு. என் ஞாயிறு வேலையை அதோடு ஒப்பிட எனக்கு யோக்கியதை இல்லை.

மார்ச் 31, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனை. பிறகு கல்லறைத் தோட்டத்தில் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி. ஒன்பதுக்கெல்லாம் கிளை. பாய் நேற்று நள்ளிரவு தாண்டித்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார்; கண் சிவந்திருந்தது. வரி கட்ட வந்தவர்கள் சிலர் 'ஹேப்பி ஈஸ்டர் மேடம்' என்றார்கள். பட்டியலில் என் பெயர் இன்னும் சிவப்பில்தான்.

ஏப்ரல் 2, செவ்வாய்

எங்கள் சபைப் போதகர் ஐயரவாளுக்கு எழுதிய கடிதத்தின் நகல் இது:

நம் சபையில் வங்கிக்காரர்கள் இருக்கிறோம். பத்திரப் பதிவில், காவல் நிலையத்தில், கல்லூரி அட்மிஷன் அறையில், காண்ட்ராக்டில் இருக்கிறவர்களும் உண்டு. எங்களில் பலர் காலையில் ஜெபித்துவிட்டுப் போய், மேலிடம் சொன்னதைச் சாயங்காலம் வரை செய்துவிட்டு வருகிறோம். வருகிற சனிக்கிழமைகளில் ஒரு சாயங்காலத்தை எங்களுக்கு ஒதுக்குங்கள். பிரசங்கம் வேண்டாம். எங்களைப் பேசவிட்டுக் கேளுங்கள். அதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும்: நம் சபை முதியவர்களில் யாரிடமாவது இந்த மார்ச்சில் பாலிசி விற்கப்பட்டிருந்தால், ஆவணம் கையில் கிடைத்ததிலிருந்து அதில் குறித்திருக்கும் நாட்களுக்குள் பாலிசியை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று வரும் ஞாயிறு அறிவிப்பில் வாசித்துவிடுங்கள்.