யானைமலையை வெட்டுதல்

மதுரையிலிருந்து மேலூர் போகும் பேருந்து ஒத்தக்கடையை நெருங்கும்போது ஜன்னலோரத்தில் செல்பேசிகள் உயரும். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறையாக யானை படுத்திருக்கிறது, யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? ஆனால் படத்தில் வருவது மேலே வெளுத்த வானம், கீழே தார்ச்சாலை, நடுவே அரணாக்கயிறு மாதிரி ஒரு மலை. செல்பேசியின் வைட் ஆங்கிள் லென்ஸ் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போட்டு, தூரத்தில் இருப்பதைச் சிறுத்துப்போகச் செய்துவிடுகிறது.

இந்த மலைக்கு நீளச் சட்டகம்தான் சரி. அதற்காகப் படத்தை வெட்டினால் தெளிவு போய்விடும் என்று பலரும் அஞ்சுகிறார்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் படம் 6000க்கு 4000 பிக்சல். மேலும் கீழும் வெட்டி 6000க்கு 3000 ஆக்கினாலும், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 20 அங்குல அகலத்தில் அச்சிடலாம். தும்பிக்கையை மட்டும் தனியே நறுக்கி எடுத்துப் பெரிதாக்க நினைத்தால்தான் சிக்கல்.

எதை வெட்டுவது? உச்சிவெயில் வானத்தைத் தயங்காமல் வெட்டலாம். ஐப்பசி மேகம் திரண்டிருந்தால் தரையை வெட்ட வேண்டும். தொடுவானம் மூன்றில் ஒரு பங்கில் நிற்க வேண்டும் என்ற விதியை வேதவாக்காகப் பிடித்துக்கொள்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. நடவுக்கு முன் தண்ணீர் கட்டிய வயலில் மலை தலைகீழாகத் தெரிந்தால், பாதிக்குப் பாதிதான் அழகு. தும்பிக்கைக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள், யானை சுவரில் முட்டி நிற்க வேண்டாம். ஓரங்களையும் பாருங்கள். மூலையில் ஒரு மின்கம்பியோ, பிளெக்ஸ் பேனரில் பாதி முகமோ இருந்தால் கண் அங்கேதான் போகும்.

வெட்டுவதே பாவம் என்பவர்களும் உண்டு. அவர்களின் குரு பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன். 1932இல் பாரிஸின் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், வேலி இடுக்கு வழியே அவர் எடுத்த புகழ்பெற்ற படமே வெட்டப்பட்டதுதான்.

வெட்டித் தீராத குறை ஒன்று இருக்கிறது. யானையின் முதுகில் தென்னைமரம் முளைத்திருந்தால் எந்த மென்பொருளிலும் வெட்டி அதை நகர்த்த முடியாது, நாம்தான் நகர வேண்டும். நின்ற இடம் மாறாதவரை, ஜூம் செய்தாலும் பிறகு வெட்டினாலும் முன்னிருப்பதற்கும் பின்னிருப்பதற்கும் உள்ள உறவு மாறாது. நன்றாகப் பின்வாங்கி டெலி லென்ஸில் பார்த்தால் ஓட்டுவீடுகளுக்குப் பின்னால் மலை எழுந்து நிற்கும். அடிவாரத்தில் நரசிங்கம் என்ற ஊரின் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயிலருகே போய்விட்டாலோ யானையே காணாமல் போகும், செங்குத்தான பாறைதான் மிஞ்சும். அங்கே கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்புவதே நல்லது.

வெட்டிய படத்தைத் தனிக் கோப்பாகச் சேமித்துவிட்டு, மூலப்படத்தை அப்படியே வைத்திருப்பது என் வழக்கம். மலை எங்கும் போகாது. டீக்கடை, புளியமரம், சாலையின் அகலம் இவைதான் வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன, குப்பையென்று நாம் வெட்டியெறிவதும் பெரும்பாலும் இவற்றைத்தான்.